சம்பளம் வேண்டாம் என்றவள்

நெவேனா எங்கள் சங்கத்துக்கு முதன்முதலாக வந்தது செப்டம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. குளிர்கால ஊறுகாய்க்காக வீட்டுக்கு வீடு குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் புழுக்கம். அவள் கதவருகே நின்று, ஒரு நீல ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, "புத்தகம் வாசிக்க ஆள் வேணும்னு கேள்விப்பட்டேன். எனக்குச் சம்பளம் வேண்டாம்" என்றாள்.

கடைசியில் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது.

நான் தேசாங்கா. டிஸா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் சிறிய ஊரில், பார்வையற்றோர் சங்கத்தின் ஒலிப்பதிவு அறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். யாராவது மைக் முன்னால் உட்கார்ந்து புத்தகத்தை வாசிப்பார்கள். நான் அதைப் பதிந்து, தடுமாறிய இடங்களையும் இருமலையும் நாற்காலி கிறீச்சிட்ட சத்தத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருக்கும் பார்வையற்றவர்களுக்கு அனுப்பி வைப்பேன். முன்பெல்லாம் நாடகக் கொட்டகை நடிகர்கள் வந்து வாசித்தார்கள். அவர்களுக்காக நகரசபை தந்துகொண்டிருந்த தொகை நின்றது. அவர்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு வருடமாக எங்களிடமிருந்து புதுப் புத்தகம் ஒன்றுகூட வெளியே போகவில்லை.

சங்கத் தலைவர் திஹோமிருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அவர் நெவேனாவை உட்காரச் சொல்லி, மேசையில் கிடந்த செய்தித்தாளில் ஏதாவது ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னார். அவள் ஆற்றின் நீர்மட்டம் பற்றிய செய்தியை வாசித்தாள். ஒரு சொல்லைக்கூட விழுங்காத குரல்.

"எங்கேயோ கேட்ட குரலா இருக்கேம்மா" என்றார் திஹோமிர்.

"பஸ் ஸ்டாண்டுல கேட்டிருப்பீங்க ஐயா. பதினாலு வருஷம் நான்தான் அறிவிப்பு சொல்லிட்டிருந்தேன். போன வருஷம் மெஷின் வச்சுட்டாங்க."

"ஓ! எட்டாம் நம்பர் மேடை நீதானா! உன் குரலை நம்பி எத்தனை தடவை ஓடியிருக்கேன்" என்று அவர் சிரித்தார். வியாழக்கிழமையிலிருந்து வரச் சொன்னார். அவள் படியிறங்கிப் போன சத்தம் ஓய்ந்ததும் அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

"குரல் பிரமாதம். ஆனா எதுக்கு வந்திருக்கா?"

"சும்மா வாசிக்கணுமாம்."

"சும்மாவா? இது தேர்தல் வருஷமா தேசாங்கா?"

"இல்லையே."

"கூட போட்டோக்காரன் யாராவது வந்தானா?"

"தனியாத்தான் வந்தா."

"அப்ப இன்னும் மோசம்" என்றார் திஹோமிர். "அவ மேல ஒரு கண்ணு வச்சுக்க. என்னால அது முடியாது."

வீட்டுக்குப் போய் என் கணவன் ஜிவ்கோவிடம் சொன்னேன். அவன் ஒரு பேக்கரிக்கு வேன் ஓட்டுகிறான். விடியுமுன் கிளம்பி ஊரிலுள்ள எல்லாக் கடைக்கும் ரொட்டி போடுவதால், ஊர்ச் செய்தி முழுவதும் மதியத்துக்குள் அவனிடம் வந்து சேர்ந்துவிடும்.

"ஏய் தேசா, இது கூடவா புரியல? உன் நாற்காலிக்கு அளவெடுக்க வந்திருக்கா."

"வாய மூடு. சாப்பிடு."

"நான் மூடிக்குவேன். நகரசபைல மூடமாட்டாங்க. வசந்த காலத்துல அந்த ப்ரானிஸ்லாவ் உன்கிட்ட என்ன சொன்னான், மறந்துட்டியா?"

மறக்கவில்லை. ப்ரானிஸ்லாவ் நகரசபையில் கலாசாரத் துறை அதிகாரி. மே மாதம் எங்கள் அறைக்கு வந்து, சுவரில் ஒட்டியிருந்த பஞ்சு அட்டைகளை விரலால் தட்டிப் பார்த்தான். "வாசிக்க ஒரு ஆளு, பதிய ஒரு ஆளு, இதெல்லாம் பழைய காலம் மேடம். இப்பெல்லாம் ஒரே ஆளு ரெண்டையும் செய்யுறாங்க" என்றான். என் குரல் வாசிக்க லாயக்கில்லை. சின்ன வயதில் தொண்டையில் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு, நான் பேசுவது மரத்தை அரத்தால் ராவுகிற மாதிரி இருக்கும்.

நெவேனா வாரத்துக்கு மூன்று நாள் வந்தாள். ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. டிஸாவில் மிதந்துகொண்டே மாவரைத்த பழைய ஆலைகளைப் பற்றிய ஒரு தடித்த நாவலைத் திஹோமிர் அவளுக்குக் கொடுத்திருந்தார். முப்பத்துநான்கு அத்தியாயம். அவள் அதைப் பஸ் அறிவிப்பு மாதிரிதான் வாசித்தாள். கதாநாயகி ஆற்றில் விழும் இடம்கூடச் சரியான நேரத்துக்குப் புறப்படும் வண்டி மாதிரி கேட்டது. நான் எதுவும் சொல்லவில்லை. அவள் ஒழுங்காக வாசித்துவிட்டால் எனக்கு என்ன லாபம் என்று யோசித்தேன்.

வாசித்து முடித்ததும் அவள் கிளம்பமாட்டாள். அதுதான் என்னை அரித்தது. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வாள்.

"மேடம், இந்தப் பச்சைக் கோடு என்னது?"

"உன் குரல்."

"நடுவுல இந்த மேடு?"

"நீ மூச்சு விட்டது."

"அதை எப்படி எடுக்குறீங்க? எடுத்தது தெரியாம?"

"பழக்கம்" என்று முடித்துக்கொள்வேன்.

மறுநாள் வேறு மாதிரி கேட்பாள். ஒரு வாரத்தில் 'மேடம்' போய் 'அக்கா' ஆனது. வரும்போது சூடான பூரெக் வாங்கி வருவாள், பாலாடைக்கட்டி வைத்த அடுக்குப் பலகாரம், எனக்குப் பிடித்த கடையிலிருந்து. எனக்குப் பிடித்த கடை எது என்று அவளுக்கு யார் சொன்னது? நான் சாப்பிட்டேன், மறுக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே அவள் கையைப் பார்த்தேன். ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைக் கண்டதும் மூடி, பையில் போட்டுக்கொண்டாள்.

அக்டோபர் கடைசியில் ஜிவ்கோ வேனிலிருந்து இறங்காமலே எனக்கு போன் செய்தான். "சந்தைக்கு எதிர்ல இருக்குற காபிக் கடைல உன் 'சம்பளம் வேண்டாம்'காரி உட்கார்ந்திருக்கா. எதிர்ல யாரு தெரியுமா? ப்ரானிஸ்லாவ். ரெண்டு பேரும் ஒரு காகிதத்தைப் பார்த்துச் சிரிக்கிறாங்க."

"நல்லா பார்த்தியா?"

"அவன் மொட்டைத் தலை ஊர்ல வேற யாருக்கு இருக்கு?"

அன்று மதியம் நெவேனா வந்தபோது, "காலைல எங்க போயிருந்தே?" என்று கேட்டேன். சும்மா கேட்பது போலத்தான்.

"நகரசபைல ஒரு சின்ன வேலை அக்கா" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். ஹெட்போனில் அவள் எச்சில் விழுங்குவதுகூட எனக்குக் கேட்டது. மனதுக்குள் என்ன ஓடுகிறது என்பதைக் கேட்க மட்டும் எந்தக் கருவியும் இல்லை.

திஹோமிரிடம் விஷயத்தைக் கொண்டுபோனேன். அவர் மேசையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "என்கிட்ட ஒரு சான்றிதழ் கேட்டா. எத்தனை மணி நேரம் வேலை செஞ்சா, என்னென்ன செஞ்சான்னு எழுதி முத்திரை வச்சுத் தரணுமாம். பதிவு, வெட்டுறது எல்லாம் அதுல வரணும்னு சொன்னா."

"வெட்டுறதா? அது என் வேலை!"

"அதான் நானும் யோசிக்கிறேன்" என்றார்.

நவம்பர் இறுதி வெள்ளிக்கிழமை. அன்று காலை முப்பத்துநான்காம் அத்தியாயத்தின் கடைசி வரியை வாசித்து முடித்துவிட்டு, கொண்டாடலாம் என்று சொல்லி நெவேனா பூரெக் வாங்கப் போனாள். பையை நாற்காலியிலேயே விட்டுப் போயிருந்தாள். நோட்டுப் புத்தகத்தின் முனை வெளியே தெரிந்தது. எடுத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அடுத்தவர் பையில் நான் கைவைத்தது அதுதான் முதல் முறை.

தேதி வாரியாக மணிக் கணக்கு. கடைசியில் கூட்டல்: அறுபத்தெட்டு. அதற்குக் கீழே என் பெயர்.

'தேசாங்கா: மூச்சை வெட்டுவதில் மூன்று வழி. இரண்டு தெரிந்துவிட்டது. மூன்றாவதைப் பார்த்துக் கற்க வேண்டும். இன்னும் இரண்டு வாரத்தில் அவர் இல்லாமலே தனியாகச் செய்யலாம்.'

அவர் இல்லாமலே.

நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். அவள் பூரெக்குடன் வந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். திஹோமிர் அலமாரியிலிருந்து பிளம் பழச் சாராயமான ராக்கியாவை எடுத்து ஆளுக்கொரு சின்னக் கோப்பை ஊற்றினார். ஆலைகளின் நலத்துக்குக் குடித்தோம்.

திங்கட்கிழமை காலை அவள் வருமுன், இருபத்துநான்காம் அத்தியாயத்திலிருந்து கடைசி வரை பதினொரு அத்தியாயங்களை அழித்தேன். அதற்கு முந்தியவை நேயர்களுக்குப் போய்விட்டன. இவை மட்டும் எங்கள் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. வெள்ளிக்கிழமை மாலை கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் போனவள் நெவேனா. நான்தான் அவளை மூடச் சொல்லியிருந்தேன்.

"ஃபைலைக் காணோம்" என்றேன், அவள் கோட்டைக் கழற்றும்போது. "மூடுறப்ப எதையாவது அழுத்துனியா?"

அவள் முகம் வெளிறிவிட்டது. "தெரியலையே அக்கா... நீங்க சொன்ன மாதிரிதானே மூடினேன்."

"நான் சொன்ன மாதிரி மூடியிருந்தா இருந்திருக்கும்."

திஹோமிர் சத்தம் கேட்டு வந்தார். அவர் கத்தவில்லை. "இனிமே நீ அந்த மெஷினைத் தொட வேண்டாம்மா" என்று மட்டும் சொன்னார். நான் கேட்காமலே எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இனி இவள் வரமாட்டாள் என்று நினைத்தேன்.

நெவேனா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். பிறகு கேட்டாள்: "அடுத்த புத்தகம் எப்ப ஐயா?"

"குழு கூடி ஜனவரியிலதான் முடிவு பண்ணும்."

"அப்ப இந்தப் பதினொண்ணையும் திரும்ப வாசிக்கிறேன். இன்னிக்கே."

மூன்று வாரம், சனிக்கிழமையும் சேர்த்து, தினமும் வந்தாள். வடகிழக்குக் காற்று எலும்புக்குள் புகுந்த டிசம்பர் அது. எங்கள் அறையில் கணப்பை எரிய விட்டால் மைக்கில் சத்தம் விழும். அதனால் அணைத்துவிட்டு, அவள் கோட்டுடன், விரல்நுனி வெட்டிய கையுறையுடன் உட்கார்ந்து வாசித்தாள். தேன் கலந்த தேநீரை ஃபிளாஸ்கில் கொண்டுவந்து மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டாள். இடையில் இரண்டு நாள் சளி. அப்போதும் வந்து, வாசிக்க முடியாமல், பக்கங்களைப் புரட்டி எங்கே நிறுத்த வேண்டும் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு போனாள்.

இந்த முறை அது பஸ் அறிவிப்பாக இல்லை. ஆலைக்காரன் தன் ஆலையை ஆற்றோடு போக விட்டுவிட்டுக் கரையில் நிற்கும் இடத்தை அவள் வாசித்தபோது, நான் வெட்டுவதற்காக நீட்டிய விரலை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் அவள் விட்ட மூச்சை வெட்டவில்லை. அது இன்றைக்கும் அந்தப் பதிவில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் நேயர் லாஸ்லோ போன் செய்வார். பக்கத்துக் கிராமத்தில் ஹங்கேரியப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், சர்க்கரை நோயில் பார்வை போனது. "என்னம்மா, அந்தப் பொண்ணு ஆத்துல விழுந்து மூணு வாரமாச்சு. இன்னும் யாரும் தூக்கலையா?" என்பார். "வந்துக்கிட்டே இருக்கு ஐயா" என்று சொல்லிவிட்டு வைப்பேன். அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஜிவ்கோவிடம் நான் செய்ததைச் சொல்லவில்லை. அவன் மட்டும், "அவ இன்னும் வர்றாளா? விடாப்பிடியா நிக்குறான்னா, நாற்காலி உறுதியாயிடுச்சுன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அதுவும் என் காதில் உண்மை மாதிரியேதான் விழுந்தது. குற்றம் செய்தவள் நான். சந்தேகப்படுகிறவளும் நானாகவேதான் இருந்தேன்.

மீதிப் புத்தகமும் முடிந்து நேயர்களுக்குப் போனது. நெவேனா சான்றிதழை வாங்கிக்கொண்டு போனாள். திஹோமிர் பதிவு என்று எழுதினார், வெட்டுதல் என்பதை எழுதவில்லை. அவள் வற்புறுத்தவும் இல்லை.

ஜனவரியில், பழைய நாட்காட்டிப்படி வரும் எங்கள் கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், அலுவலக போன் அடித்தது. நோவி ஸாத் நகரத்திலிருந்து ஒரு பெண். பெயர் லிடியா என்றாள். புத்தகங்களை ஒலி வடிவில் விற்கும் நிறுவனமாம்.

"தேசாங்கா மேடமா? நெவேனான்னு ஒருத்தங்க எங்ககிட்ட வேலைக்கு விண்ணப்பிச்சிருக்காங்க. வாசிக்கிறதுக்கும் பதிவைச் சுத்தம் பண்றதுக்கும். உங்க பேரைக் கொடுத்திருக்காங்க."

"என் பேரையா? தலைவர் பேரை இல்லையா?"

"உங்க பேரைத்தான். 'என்னைப் பத்திக் கெட்டது தெரிஞ்சுக்கணும்னா அவங்ககிட்ட கேளுங்க, ஒளிக்காம சொல்லுவாங்க'ன்னாங்க."

போனைக் காதோடு அழுத்தியபடி நான் கதவைப் பார்த்தேன். இது பொறியா? அந்தப் பக்கம் உண்மையிலேயே ஒரு நிறுவனம் இருக்கிறதா? நெவேனா தன் தோழி யாரையாவது பேசச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாளா? எண்ணைப் பார்த்தேன், நோவி ஸாத் எண்தான். அதனால் என்ன, நோவி ஸாத்தில் யாருக்குத்தான் தெரிந்தவர்கள் இல்லை?

"நேரத்துக்கு வருவா. குரல் நல்லது. உழைப்பா" என்றேன்.

"அது எங்களுக்கும் தெரிஞ்சுது. ஒரு விஷயம் மட்டும் கேக்கணும். பதினொரு அத்தியாயம் அழிஞ்சுபோனதா அவங்களே சொன்னாங்க. யார் தப்புன்னு கேட்டா, தெரியலைன்னாங்க. எங்களுக்கு ஃபைல் ரொம்ப முக்கியம் மேடம். அவங்க கவனக்குறைவா இருக்குற ஆளா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவள் நோவி ஸாத் போகமாட்டாள். இங்கேதான் வருவாள், என் பின்னால் வந்து நிற்பாள். இல்லை என்று சொன்னால் அவள் போய்விடுவாள், என் நாற்காலி என்னோடு இருக்கும். ஆக அவளைப் புகழ்வதுதான் எனக்கு லாபம். இப்படியெல்லாம் அந்த நேரத்திலும் கணக்குப் போட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வாயில் வந்தது அந்தக் கணக்குக்குத் தேவைப்படாத ஒன்று.

"அவ அழிக்கல. நான்தான் அழிச்சேன்."

"கை தவறிப் போச்சா?"

"இல்ல" என்றேன்.

லிடியா, "சொன்னதுக்கு நன்றி மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் குரலில் கோபமா ஏளனமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இனி அது வெளியே வராமல் இருக்காது என்று நினைத்ததால், அன்று மதியமே திஹோமிரிடம் நானே சொன்னேன். அவர் எழுந்து நின்றார். எனக்கு முகம் காட்டாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பார்வை இல்லாத மனிதர் அப்படித் திரும்பியது என்னைக் குத்திவிட்டது.

"நானும் அவளைத்தானே நினைச்சேன்" என்றார் கடைசியில். "உன்னை ஒரு நிமிஷம்கூட நினைக்கல. இருபத்திரண்டு வருஷம்!"

"வேலையை விட்டுடவா?"

"அது சுலபம். உட்காரு. நேயர் பட்டியலை எடு. நாற்பத்தாறு பேரு. ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி, ஏன் தாமதமாச்சுன்னு நீயே சொல்லு. நான் இங்கயே உட்கார்ந்து கேக்குறேன்."

இரண்டு நாள் ஆனது. சிலர் திட்டினார்கள், ஒரு கிழவி அழுதாள், பலருக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே புரியவில்லை. லாஸ்லோ, "ஓ, அப்ப அவளை ஆத்துக்குள்ளயே வச்சிருந்தது நீதானா!" என்றார். பிறகு, "வாசிச்ச பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "பட்டியல்ல அவளை ஏன் கடைசியா வச்சிருக்கே?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை நெவேனாவின் வீட்டுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான்காம் மாடி. அவள் மகள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனாள். நெவேனா கைத்துண்டால் கையைத் துடைத்தபடி வந்தாள். நான் வாயைத் திறக்குமுன், "லிடியா சொல்லிட்டாங்க அக்கா" என்றாள். "உட்காருங்க. காபி போடுறேன்."

"காபி வேண்டாம். திட்டு."

"திட்டி என்ன பண்ண? எனக்கு முன்னாடியே சந்தேகம் இருந்துச்சு."

"என் மேலயா? எப்பருந்து?"

"முதல் வாரத்துலருந்தே. நான் கேட்டா நீங்க பாதி சொல்லி நிறுத்துவீங்க. திரையைத் திருப்பி வச்சுக்குவீங்க. என் பை இடம் மாறியிருக்கும்."

"ஒரே ஒரு தடவைதான்!"

"அந்த ஒரு தடவையைத்தான் சொல்றேன்." அவள் எழுந்து போய், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "முப்பத்துநாலு அத்தியாயமும் இதுல இருக்கு. தினமும் கிளம்புறப்ப ஒரு பிரதி எடுத்துக்குவேன். பஸ் ஸ்டாண்டுல பட்ட அடி. அங்க என் குரலைப் பதிஞ்சு வச்சிருந்ததை எனக்கே தராம அழிச்சுட்டாங்க."

"இருந்துச்சா? அழிஞ்சது உன்கிட்ட இருந்துச்சா? அப்ப ஏன் அந்தக் குளிர்ல மூணு வாரம்..."

"மணி நேரம் வேணுமே அக்கா. அவங்க விளம்பரத்துல நூறு மணி நேர அனுபவம் கேட்டாங்க, டிசம்பர் முடியுறதுக்குள்ள. என்கிட்ட அறுபத்தெட்டுதான். புத்தகம் முடிஞ்சுபோச்சு, அடுத்தது ஜனவரியிலதான். நான் என்ன பண்றதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தப்ப நீங்க அழிச்சுட்டு வந்து நின்னீங்க. முப்பத்தாறு மணி நேரம் கெடச்சுது." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "அதோட, முதல் தடவை நான் வாசிச்சது கேவலமா இருந்துச்சு. நீங்க ஒண்ணும் சொல்லாதப்பவே புரிஞ்சுது."

"ப்ரானிஸ்லாவ்?"

"சான்றிதழ்ல நகரசபை கையெழுத்தும் வேணும்னாங்க. அதுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன். ஏன், அவனைப் பத்தி என்ன நினைச்சீங்க?"

சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கத்தோடு கோபமும் வந்துவிட்டது.

"அப்ப ஆரம்பத்துலயே உனக்காகத்தான் வந்தே."

"எனக்காகத்தான். சேவைன்னு நான் என்னிக்காவது சொன்னேனா? சம்பளம் வேண்டாம்னுதானே சொன்னேன்."

"வேலை தேடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா, சொல்லிக் கொடுத்திருப்பீங்களா?"

சொல்லிக் கொடுத்திருக்க மாட்டேன் என்பது இருவருக்கும் தெரியும். காபி போடு என்றேன். போட்டுக் கொடுத்தாள்.

பிப்ரவரியில் அவள் மகளுடன் நோவி ஸாத் போனாள். போவதற்கு முந்தின வாரம் நான்கு நாள் மதியம் எங்கள் அறைக்கு வந்தாள். திஹோமிரிடம் அனுமதி கேட்டு, அவளை என் நாற்காலியில் உட்கார வைத்து, மூச்சை வெட்டும் மூன்றாவது வழியைச் சொல்லிக் கொடுத்தேன். அதில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. மூச்சை முழுக்க எடுக்காமல் பாதியை விட்டு வைப்பது, அவ்வளவுதான். இரண்டாவது நாளே பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரலில் நகரசபைக் கடிதம் வந்தது. ஒலிப்பதிவு வேலை இனி பாதி நேரம், பாதிச் சம்பளம். யாரும் என் நாற்காலியைப் பறிக்கவில்லை, அதை நடுவில் அறுத்துவிட்டார்கள். அந்த வாரமே நெவேனா போன் செய்தாள்.

"அக்கா, இங்க பதிவைச் சுத்தம் பண்ண ஆள் போதல. வீட்லருந்தே செய்யலாம். செய்யுறீங்களா?"

"கடிதம் வந்தது உனக்கு யார் சொன்னா?"

"திஹோமிர் ஐயா."

"எனக்கு ஏன் உதவுற? என்ன வேணும் உனக்கு?"

"நான் வாசிக்கிறதை நல்லா வெட்டத் தெரிஞ்ச ஆள் வேணும். இப்ப இருக்குறவன் என் மூச்சை மொத்தமா எடுத்து என்னைப் பொணமாக்குறான்." பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஒரு விஷயம். முதல் அத்தியாயத்தைச் சோதனைக்குச் செஞ்சு காட்டணும். அதுக்குக் காசு தரமாட்டாங்க."

"ஓ. பழி வாங்குறியா?"

"எல்லாருக்கும் அதே விதிதான் அக்கா. நானும் செஞ்சேன். லிடியாகிட்ட வேணும்னா கேளுங்க."

லிடியாவிடம் கேட்டேன். உண்மைதான் என்றாள்.

ஜிவ்கோ கண்ணை உருட்டினாலும், எங்கள் சரக்கறையில் ஊறுகாய் ஜாடிகளை நகர்த்தி ஒரு மேசை போட்டுக் கொடுத்தான். ஐம்பத்துமூன்று வயதில், இருபத்திரண்டு வருட அனுபவத்தோடு, ஒரு தினார் வாங்காமல் நாற்பது நிமிடப் பதிவை மூன்று நாள் உட்கார்ந்து சுத்தம் செய்து அனுப்பினேன். ஐந்தாம் நாள் திருப்பி அனுப்பினார்கள்: இரண்டு இடத்தில் வெட்டு தெரிகிறது, சரி செய்யவும். ஆத்திரத்தோடு கேட்டுப் பார்த்தேன். தெரியத்தான் செய்தது. சரி செய்தேன்.

ஜூனில் ஒப்பந்தம் வந்தது, இந்த வருடத்துக்கு நான்கு புத்தகம். இரண்டு முறை படித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி விளங்கவில்லை. அதன் கீழே கோடு போட்டு, நெவேனாவுக்கு போன் செய்து, அதை வைத்தவர்கள் எதற்காக வைத்தார்கள் என்று கேட்டேன். பொறுமையாக விளக்கினாள். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.